தண்ணீர் எங்கே போகிறது?
ரிக் இன்ஜினில் ஹெட் கிராக்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய் போர் போடுகின்றன. ரிக்கோடு போகும் கம்ப்ரசரை ஓட்ட ஒரு பெரிய டீசல் இன்ஜின் உண்டு. பல நூறு அடி ஆழத்திலிருந்து பாறைத் தூளை மேலே ஊதித் தள்ளும் காற்று அதன் உழைப்பில்தான் வருகிறது.

அந்த இன்ஜினில் ஒரு நாள் காலை ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருக்கிறது. தரையில் ஈரமில்லை, ஹோஸில் கசிவில்லை. ஊற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். மறுநாளும் குறைகிறது, மறுபடியும் ஊற்றுகிறார்கள். இப்படியே சில நாள் ஓடி, ஒரு மதியம் முள் சிவப்பைத் தொடும்போதுதான் மெக்கானிக்குக்குப் போன் போகிறது. அவர் கேட்கும் முதல் கேள்வி: “தண்ணி எத்தன நாளாக் குறையுதுங்க?”

ஹெட் ஏன் விரிசல் விடுகிறது?

ஹெட் என்பது சிலிண்டரின் மூடி. அதன் ஒரு முகத்தில் எரியும் வாயு, 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மறுபக்கம் சுமார் 90 டிகிரியில் தண்ணீர் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் வார்ப்பிரும்பு. சூட்டில் அது விரியும், ஆறினால் சுருங்கும். எல்லா இடமும் ஒரே சீராக விரிந்தால் கெடுதலில்லை. ஓரிடம் மட்டும் அதிகம் சூடேறினால், ஆறும்போது அங்கே இழுவிசை சேர்ந்து விரிசல் விடும். வால்வு சீட் இரண்டுக்கும் நடுவிலும், சீட்டுக்கும் இன்ஜெக்டர் துளைக்கும் நடுவிலும் இரும்பு மெலிந்திருக்கும். பெரும்பாலும் கிராக் அங்கேதான்.

ரிக்குக்கு இதில் கூடுதல் சிரமம். ஓடும் லாரிக்கு எதிர்க்காற்று கிடைக்கும். கடலில் போகும் படகு இன்ஜினும் மணிக்கணக்கில் ஒரே லோடில் உழைக்கும், ஆனால் அதைக் குளிர்விக்கக் கடலே இருக்கிறது. ரிக் காய்ந்த காட்டில் நின்ற இடத்தில் முழு லோடில் ஓட வேண்டும், ஃபேன் காற்றை மட்டும் நம்பி. குழியிலிருந்து கிளம்பும் பாறைத் தூள் ரேடியேட்டர் இடுக்குகளில் அப்பிக்கொண்டால் அந்தக் காற்றும் புகாது.

அடுத்த காரணம் நம் உப்புத் தண்ணீர். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ஹெட்டின் உட்புறத்திலும் ஏறும். இரும்பைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் அது சூட்டைக் கடத்தும். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்திருக்கும், ஆனால் ஹெட்டின் சூடு அந்தத் தண்ணீருக்குப் போய்ச் சேராது.

மூன்றாவது, அவசரத்தில் செய்யும் காரியம். கொதிக்கும் இன்ஜினில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால், சூடேறிய வார்ப்பிரும்பு அங்கேயே விரிசல் விட்டுவிடும்.

கழற்றுவதற்கு முன்

ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே தங்கிய காற்று கொஞ்ச நேரம் குமிழியாக வந்து நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். இன்ஜின் சூடேறிய பிறகும் சைலன்சரில் வெண்புகை அடங்காவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

ஆனால் இவற்றை மட்டும் வைத்து ஹெட் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. ஹெட் கேஸ்கெட் எரிந்தாலும் இதே அடையாளங்கள்தான். ஆயில் கூலர் ஓட்டையானாலும், லைனரின் ரப்பர் வளையம் போனாலும் ஆயிலில் தண்ணீர் சேரும். தண்ணீரால் குளிரும் ஆஃப்டர்கூலர் உள்ள இன்ஜினில் அது கசிந்தாலும் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கும். இவற்றைப் பார்க்காமல் ஹெட்டில் கை வைத்தால் கூலியும் நாளும் வீண்.

ஓர் எச்சரிக்கை: இரவில் தண்ணீர் குறைந்திருந்தால், மேலே சொன்ன சோதனைக்காகக்கூடக் காலையில் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். பிஸ்டன் மேல் தேங்கிய தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

கழற்றிய பிறகு

பழைய பட்டறைகளில் ஒரு சோதனை உண்டு. ஹெட்டின் கரியைச் சுரண்டித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி ஊறவிடுவார்கள். மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டியைத் தேய்ப்பார்கள். சிறிது நேரத்தில் அந்த வெள்ளையில், வால்வு சீட்டிலிருந்து இன்ஜெக்டர் துளை வரைக்கும் தலைமுடி போல ஒரு கோடு ஈரமாக எழும்பும். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் திரும்ப வெளியே வருகிறது. இன்று இதற்குச் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் ஸ்ப்ரேயாகக் கிடைக்கின்றன. காந்தமும் இரும்புத் தூளும் வைத்துப் பார்க்கும் முறை வார்ப்பிரும்புக்குச் சரி, அலுமினியத்துக்கு உதவாது.

கடைசித் தீர்ப்பு பிரஷர் டெஸ்டில். தண்ணீர் வழிகளையெல்லாம் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, உள்ளே காற்று ஏற்றி, ஹெட்டைச் சுடுநீர்த் தொட்டியில் இறக்குவார்கள். குமிழி எழும் இடம் கிராக். சுடுநீரே வேண்டும், ஆறிய ஹெட்டில் மூடிக்கொள்ளும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும்.

தைப்பதா, மாற்றுவதா?

வெளிச்சுவரில் உள்ள விரிசலுக்குத் தையல் நல்ல வழி. விரிசலின் இரு முனையிலும் துளை போட்டு, அது மேலும் ஓடாமல் தடுப்பார்கள். பிறகு விரிசல் நெடுக ஒன்றையொன்று கவ்வும்படி துளையிட்டு, மரை போட்டு, திருகுகளை இறக்குவார்கள். சூடு படாததால் ஹெட் கோணாது.

வெல்டிங் என்றால் பொறுமை வேண்டும். வார்ப்பிரும்பு ஹெட்டை முழுவதும் 500 டிகிரிக்கு மேல் மெல்லச் சூடேற்றி, பற்றவைத்து, சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஆற்றினால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, அதன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை மாலுமிகள் உடைத்து வைத்திருந்தார்கள். புதிதாக வார்க்காமல், மின் வெல்டிங்கில் ஒட்டியே பல கப்பல்களை அமெரிக்கர்கள் ஓட வைத்தார்கள். வேலை சுத்தமாக இருந்தால் வார்ப்பிரும்பு ஒட்டும்.

ஆனாலும் விரிசல் இன்ஜெக்டர் துளைக்குள்ளோ, வால்வு சீட்டுக்கு அடியிலோ ஓடியிருந்தால் மாற்றுவதே நல்லது. பல பெரிய இன்ஜின்களில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு ஹெட், அல்லது ஒவ்வொன்றுக்கும் தனி ஹெட். கெட்டதை மட்டும் மாற்றினால் போதும்.

தைத்தாலும் பற்றவைத்தாலும் மறுபடி பிரஷர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ பக்கத்து லேத் பட்டறைகளுக்கு வார்ப்பிரும்பு பழகிய பொருள். அங்கே ஹெட்டைக் கொடுக்கும்போதே அதன் முகத்தை எவ்வளவு வரை சீவலாம் என்று மேனுவலைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அளவுக்கு மேல் சீவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். மாட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

மறுபடி வராமலிருக்க

காரணத்தை விட்டுவிட்டு ஹெட்டை மட்டும் மாற்றினால் புது ஹெட்டும் விரிசல் விடும். ரேடியேட்டரின் தூசியைத் தினமும் ஊதுங்கள். ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றையும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியையும் விடாதீர்கள்: 1 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி, தண்ணீரை 120 டிகிரி வரை கொதிக்காமல் பிடித்து வைக்கும். போர் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். முள் ஏறினால் லோடை விட்டு ஐடிலில் ஓட்டுங்கள். தண்ணீரே தீர்ந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, ஈரச்சாக்குப் போட்டு மூடியை மெல்லத் திருகுங்கள்.

எல்லா ரிக்கிலும் அடிக்கணக்கும் டீசல் கணக்கும் எழுதும் நோட்டு ஒன்று இருக்கும். அதில் தண்ணீருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அரை லிட்டர் ஊற்றினாலும் எழுதுங்கள். மெக்கானிக் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தக் கட்டத்தில் பதில் இருக்கும். அது இரண்டு நாள் கணக்காக இருந்தால், பெரும்பாலும் ஒரு கேஸ்கெட் செலவோடு தப்பித்துவிடலாம்.