மிதித்தும் ரேஸ் ஏறாத கார்

வடக்கனந்தலிலிருந்து கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும்போது, கார் சட்டென்று பிக்கப்பை இழந்தால் வயிறு கலங்கிவிடும். எவ்வளவு மிதித்தாலும் ரேஸ் ஏறாது. என்ஜின் விளக்கு மஞ்சளாக எரியும். ஆனாலும் வண்டி ஊர்ந்து ஓரம்கட்டும் அளவுக்கு நகரும். அந்த ஊர்தலும் வடிவமைத்தவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடுதான்.

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் கேபிள் நேரே போய்க் காற்று நுழையும் தகட்டைத் திறக்கும். இன்றைய பெட்ரோல் கார்களில் கேபிள் கிடையாது. மிதியிலுள்ள சென்சார் வோல்டேஜ் அனுப்ப, கணினி ஒரு சிறு மோட்டாரை இயக்கி த்ராட்டில் பாடியின் தகட்டைத் திறக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் மிதியில் இரண்டு சென்சார், தகட்டிலும் இரண்டு. பல கார்களில் மிதியின் ஒரு சென்சார் 1.5 வோல்ட் காட்டினால் மற்றது அதில் பாதி, 0.75 காட்ட வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் கணினி இரண்டையுமே முழுதாக நம்பாது, வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். மோட்டாருக்கு மின்சாரமே நின்றாலும் ஸ்பிரிங் தகட்டைச் சற்றே திறந்து பிடித்திருக்கும். அந்தக் கொஞ்சக் காற்றில்தான் வண்டி ஊர்கிறது.

ஸ்கேனரில் பி2138 என்ற பிழைக் கோடு வந்தால் மிதி சென்சார்களுக்குள் முரண்; பி2135 என்றால் த்ராட்டில் சென்சார்களுக்குள். எது பொய் சொல்கிறது என்று கோடு சொல்லாது. இது தெரியாமல் புது த்ராட்டில் பாடி வாங்கிப் பணத்தைத் தொலைப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. முதலில் பேட்டரி வோல்டேஜ், எர்த் இரண்டையும் பாருங்கள். பிறகு சென்சார் பிளக்குகளைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா என்று தேடுங்கள். வயல் ஓரம் நிறுத்தும் வண்டியில் எலியை மறக்கவே கூடாது. என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மிதியை மெதுவாக அழுத்துங்கள். ஸ்கேனரில் எண் துள்ளாமல் ஏறவேண்டும். வயரை ஆட்டும்போது எண் குதித்தால் குற்றவாளி அங்கேதான்.

கண்ணுக்கே தெரியாத காரணமும் உண்டு. டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுத்ததாக எழுந்த புகார்களை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள், 2011 அறிக்கையில், பழுதான ஒரு மிதி சென்சாருக்குள் வெள்ளீயத்திலிருந்து முளைத்த மயிரிழை போன்ற கம்பியைக் காட்டினார்கள். ஆனால் கட்டுப்பாடு மீறிய பெருவேகத்துக்கு மின்னணுக் கோளாறு காரணம் என்று அவர்களால் நிறுவ முடியவில்லை.

தகட்டில் கார்பன் படிந்திருந்தால் துடைத்தால் போதும். ஆனால் சாவி ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விடாதீர்கள், மோட்டார் நசுக்கிவிடும். துடைத்தபின் தகட்டின் புது நிலையைக் கணினிக்குப் பழக்கவில்லை என்றால் ஐட்லிங் தடுமாறும். மலையில் கார் பிக்கப்பை இழந்தால், அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டாலும் மேலே ஏறாதீர்கள். என்ஜினை ஓடவிட்டபடியே, கீழ் கியரில் இறங்கி வாருங்கள். பிழைக் கோடு எண்ணை எழுதிக்கொள்ளும்வரை அதை அழிக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.