மாசித் திங்களில் ஒரு பிரித்தானிய உலா

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த பண்டைத் தமிழர், மாசி, பங்குனி என்னும் இரு திங்களையும் பின்பனிக் காலம் என்றனர். இரவின் பிற்பகுதியிற் பனி மிகும் காலம் என்பது அப்பெயரின் பொருள். நாம் வாழும் பிரித்தானியாவிலோ மாசிக் குளிர் முன்னிரவு, பின்னிரவு என்று பார்ப்பதில்லை; நண்பகலிலும் விட்டகலுவதில்லை. ஆயினும் ஊரிலிருந்து எமது பெற்றோர் எம்மைக் காண வருவது பல குடும்பங்களில் இக்காலத்திலேதான். தைப்பொங்கல் முடிந்து, ஈஸ்டர் விடுமுறை தொடங்குமுன் விமானக் கட்டணம் சற்றுத் தணிந்திருக்கும். வந்தவர்கள் ஒரு மாதம் தங்குகிறார்கள். அம்மாதம் முழுவதும் வெப்பமூட்டியின் அருகே அமர்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார்கள். “குளிர் போகட்டும், பார்ப்போம்” என்கிறோம் நாம். குளிர் போகுமுன் அவர்கள் போய்விடுகிறார்கள்.

இதனால் எமது பிள்ளைகளுக்கும் இழப்பு உண்டு. தாம் பிறந்த நாட்டில் அவர்கள் அறிந்தவை பாடசாலை, கோயில், பிறந்தநாள் விழா மண்டபம் ஆகிய மூன்றுமே. எம்மிற் பலரும் இவ்வாறே, பாதை மூடப்பட்டிருந்த காரணத்தாற் கண்டியையும் காலியையும் காணாமலே இலங்கையை விட்டுப் புறப்பட்டவர்கள். 2002 இல் திறந்த ஏ-9 வீதி 2006 இல் மீண்டும் மூடப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டோம். இங்கே பாதை எதுவும் மூடப்படவில்லை. இங்கிலாந்திலிருந்து வேல்சுக்கோ ஸ்கொட்லாந்துக்கோ செல்லும் வழியிற் சோதனைச் சாவடி இல்லை. புகலிடக் கோரிக்கைக்கு முடிவு கிடையாமற் காத்திருப்போரும், கையொப்பமிடச் செல்ல வேண்டிய நாளைத் தவறவிடாதபடி, ஒரு பகற்பொழுதுப் பயணத்தையேனும் மேற்கொள்ளலாம். வட அயர்லாந்துக்குச் செல்வோர்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அங்கிருந்து அயர்லாந்துக் குடியரசுக்குச் செல்லும் வீதியிற் சாவடி இல்லை என்பது உண்மையே. ஆயினும் பிரித்தானிய விசாவுடன் இலங்கையிலிருந்து வந்திருப்பவர்கள் அக்குடியரசினுள் நுழைவதற்கு வேறு விசா வேண்டும்.

சரி, ஒரு மாத உலாவை எவ்வாறு திட்டமிடுவது? முதலிற் பார்க்க வேண்டியது வரைபடத்தை அன்று, சூரியனை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். ஆகவே ஊரிற் பயணம் புறப்படுவோர் பகலின் நீளத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. இலண்டனிலோ மார்கழியிற் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனியிற் பதினாறரைக்கும் மேல். பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சரிந்திருப்பதும், நாம் நடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் வடக்கே வாழ்வதுமே இதற்குக் காரணம்.

இப்போது மாசி மாதத்தைக் கவனியுங்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் இலண்டனிற் பகல் ஏறக்குறைய 10 மணித்தியாலம். ஸ்கொட்லாந்தின் வடக்கிலுள்ள இன்வர்னெஸ் நகரில் அதனிலும் அரை மணித்தியாலத்துக்கு மேற் குறைவு. ஆனால் வடக்கே பகல் விரைவாக வளரும். இன்வர்னெஸில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 நிமிடம் கூடுகிறது. மார்ச் நடுப்பகுதியில் இரு நகரங்களிலும் பகல் 12 மணித்தியாலத்தை நெருங்கி, வேறுபாடு சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும். எனவே தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, பகல் வளர வளர வடக்கு நோக்கிச் செல்வதே முறை. முதற் கிழமையிலேயே ஸ்கொட்லாந்துக்கு ஓடுவோர், மலையை அடையுமுன் இருளையே அடைவர்.

மழையைப் பற்றியும் ஒரு சொல். இலண்டன் மழை நகரம் என்று ஊரில் எல்லோரும் நம்புகின்றனர். உண்மை யாதெனில், ஆண்டு முழுவதும் இலண்டனிற் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்திற் பெய்வது அதனைப் போல இரு மடங்கு. அங்கே ஐப்பசி, கார்த்திகையிற் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இங்கே ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கிறது. அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கு மலைகளில் மோதுவதால், ஏரி மாவட்டத்தின் சீத்வெயிற் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேற் பெய்கிறது. ஆகவே மேற்குப் புறம் செல்லும் நாட்களில், மழை வந்தால் ஒதுங்குவதற்கு ஓர் அருங்காட்சியகத்தையும் திட்டத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். குடையை நம்ப வேண்டாம். அங்குள்ள காற்று அதனை மடக்கிவிடும்.

அடுத்தது பிள்ளைகளின் பாடசாலை. பேரன் பேத்தியரையும் ஒரு மாதம் அழைத்துச் செல்ல அம்மம்மாவும் அப்பப்பாவும் விரும்புவர். அது இயலாது. இங்கிலாந்தில் அனுமதியின்றித் தவணை நாட்களிற் பிள்ளையை நிறுத்தினால், 2024 ஆகஸ்ட் முதல் பிள்ளை ஒன்றுக்குப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண் தண்டம் விதிக்கலாம். 21 நாட்களுக்குட் செலுத்தாவிடின் அது 160 ஆகும். தண்டம் ஒருபுறமிருக்க, ஆசிரியராயிருந்த நாம் பாடத்தை இழக்கச் சொல்ல மாட்டோம். பெப்ரவரி நடுவில் வரும் அரைத்தவணை விடுமுறைக் கிழமையைப் பிள்ளைகளோடு செல்லும் பயணத்துக்கு ஒதுக்குங்கள். இலண்டனை அக்கிழமையில் தொட வேண்டாம்.

அந்த முதற் கிழமையில் ஒக்ஸ்போர்ட் வழியாக மேற்கே செல்லலாம். ஒக்ஸ்போர்ட்டில் வோல்ற்றன் வீதியை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் ஜி. யு. போப் ஐயர் துயில்கிறார். 1886 இல் திருக்குறளையும் 1900 இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டு, அந்நகரப் பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்பித்து, 1908 இல் மறைந்தவர். குறளை மனனம் செய்யும் பிள்ளைகள் அவ்விடத்தில் ஐந்து நிமிடம் நிற்பது தகும். பாத் நகரில் உரோமர் கட்டிய குளிப்பகத்தின் ஊற்று 46 பாகை வெப்பத்தில் இன்றும் கொதித்தெழுகிறது. கன்னியாக் கிணறுகளைக் கண்ட முதியோர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

வேல்சில்தான் சற்று நின்று செல்ல வேண்டும். வேல்ஸ் என்றதும் எம்மவர் பலர்க்கு நினைவில் வருவது கார்மார்தன்சயரில் உள்ள ஸ்கந்தவேல் ஆலயம் ஒன்றே. அதிகாலையிற் பேருந்தில் ஏறி, தரிசனம் முடித்து, அன்னதானம் உண்டு, அன்றிரவே இலண்டன் திரும்பிவிடுகிறோம். வழியில் இருபுறமும் உள்ள நாட்டை நோக்குவதில்லை. அந்நாட்டுக்கென ஒரு மொழி உண்டு. வீதிப் பலகைகள் யாவும் இரு மொழிகளில் நிற்கும். வளைவுகளில் வேகத்தைக் குறைக்குமாறு தார்வீதியில் எழுதியிருக்கும் வேல்ஸ் சொல்லின் ஒலிப்பு ‘அரவ்’ என்பதாம். அரவைக் கண்டாற்போல் வேகத்தைக் குறையுங்கள் என்று பிள்ளைகளுக்குக் கூறினால் மறக்க மாட்டார்கள்.

இம்மொழி எளிதில் தப்பிப் பிழைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சில பாடசாலைகளில் வேல்ஸ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டனர். அப்பிள்ளை தாய்மொழி பேசும் வேறொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அதனை மாற்றிவிட வேண்டும். நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்க்கு அடி. கார்டிஃப் நகரின் புறத்தேயுள்ள சென் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் இக்கதையை அறியலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. 1939 செப்டெம்பரில், போர் தொடங்கிய அதே மாதத்தில், கடற்கரை நகரான அபெரிஸ்த்வித்தில் வேல்ஸ் மொழிமூல ஆரம்பப் பாடசாலை ஒன்று திறக்கப்பட்டது. முதல் நாள் வந்த பிள்ளைகள் ஏழு பேர். அத்தகைய பாடசாலைகள் இன்று நாடெங்கும் உள்ளன. 2011 இல் அம்மொழி சட்டப்படி உத்தியோக நிலை பெற்றது. ஆயினும் 2021 குடித்தொகைக் கணக்கின்படி அதனைப் பேசுவோர் 538,000 பேர், நூற்றுக்குப் பதினெண்மர்கூட இல்லை. போராட்டம் முடிந்துவிடவில்லை. வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்தானே என்று குறைப்படும் பெற்றோர்க்கு அந்த ஏழு பேரையும் நினைவூட்டி வைக்கிறோம்.

கார்டிஃபிலிருந்து அபெரிஸ்த்வித்துக்கு நேரான புகையிரதப் பாதை இல்லை. கார்மார்தன் வழியாகச் சென்ற பாதை 1960களில் மூடப்பட்டுவிட்டது. வண்டி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரைச் சுற்றியே செல்லும். ஒரு பகல் அதற்கே போய்விடும்.

இரண்டாம் கிழமை பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்ல, முதியோர் இலண்டனைப் பார்க்கட்டும். பெரிய தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 143 சென்ரிமீற்றர் உயரமுள்ள, பொன்முலாம் பூசிய தாரா தேவியின் வெண்கலச் சிலை உண்டு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்சிலை திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் எடுக்கப்பட்டு, முன்னாள் ஆளுநர் பிரவுண்றிக்கினால் 1830 இல் அங்கு கொடுக்கப்பட்டது. மட்டக்களப்பிலிருந்து வந்த அப்பப்பா அதன் முன் நின்று என்ன சொல்வார் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

மூன்றாம் கிழமை வடக்கே. யோர்க்கில் புகையிரத அருங்காட்சியகமும், டேர்ஹமில் பேராலயமும் உள்ளன. அதற்கப்பால், கி.பி. 122 இல் தொடங்கிக் கரைக்குக் கரை 117 கிலோமீற்றர் நீளத்துக்கு உரோமர் எழுப்பிய ஹேட்ரியன் மதில். அம்மதிலுக்குச் சற்றுத் தெற்கேயுள்ள விந்தொலாந்தாக் கோட்டையில் 1973 முதல் மெல்லிய மர ஏடுகள் கண்டெடுக்கப்பட்டு வருகின்றன. எமது பனையோலை ஏடுகளைப் போன்றே அவையும் மையும் எழுத்தும் அழியாமற் கிடைத்தவை. அவற்றில் ஒன்று, வீரர் ஒருவர்க்குக் காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பிய செய்தியைக் கூறுகிறது. ஊரிலிருந்து வருவோர்க்கு நாம் வாங்கிக் கொடுக்கும் முதற் பொருளும் காலுறைதானே! அருகே சவுத் சீல்ட்ஸ் கோட்டையில், சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த பராத்தேஸ் என்பவர் தம் மனைவிக்கு நாட்டிய கல்லறைக் கல் உண்டு. இலத்தீனில் எழுதி, இறுதி வரியை மட்டும் தம் தாய்மொழியிற் பொறித்திருக்கிறார். அக்கோட்டை குளிர்காலத்தில் மூடியிருப்பது வழக்கமாதலால், அதனைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெருமாளிகைகள், தோட்டங்கள் பலவும் அவ்வாறே மூடியிருக்கும், செல்லுமுன் கேட்டறிக.

நான்காம் கிழமை ஸ்கொட்லாந்து. வெள்ளி மாலை இலண்டனிற் புறப்படும் பிள்ளைகள் நான்கரை மணித்தியாலத்தில் எடின்பரோவில் இருப்பர். கிளாஸ்கோவிலிருந்து மல்லெய்க் செல்லும் மலைப்பாதை, சிறுவர் திரைப்படங்களிற் கண்ட இருபத்தொரு வளைவுப் பாலத்தின் மேற் செல்கிறது. அத்திரைப்பட நினைவாக ஓடும் நீராவி வண்டி குளிர்காலத்தில் இல்லை. சாதாரண வண்டி அதே பாலத்தைக் குறைந்த செலவிற் கடக்கிறது. நாட்டின் உயர்ந்த சிகரமான பென் நெவிஸ் 1,345 மீற்றர். எமது பிதுருதலாகலையிற் பாதியளவே. அதனால் ஏமாந்து ஏறத் துணிய வேண்டாம். மாசியில் அதன் உச்சி பனிக்கட்டி. கீழிருந்து பார்ப்பதே போதும்.

செலவைக் குறைக்க வழிகள் உண்டு. அறுபது வயதைக் கடந்தோர்க்குரிய புகையிரதச் சலுகை அட்டை கட்டணத்தில் மூன்றிலொன்றைக் குறைக்கும். குடும்ப அட்டையிற் பெரியோர்க்கு மூன்றிலொன்றும் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு அறுபதும் குறையும். முற்பதிவுச் சீட்டுகள் பொதுவாக 8 முதல் 12 கிழமைகளுக்கு முன் விற்பனைக்கு வருவதால், மார்கழியிலேயே நாட்காட்டியைப் பாருங்கள். ஞாயிறுகளிற் பாதை திருத்தம் நடந்து, வண்டிக்குப் பதிலாகப் பேருந்து விடுவதும் உண்டு. மாசியில் றக்பி ஆட்டம் நடைபெறும் சனிக்கிழமைகளிற் கார்டிஃபிலும் எடின்பரோவிலும் அறை கிடைப்பது அரிது. ஏனைய நாட்களில் விலை மலிவு. சமையலறையுள்ள இருப்பிடம் எடுத்தால் வெள்ளிக்கிழமை மரக்கறிக்கு அலைய வேண்டியதில்லை. சோறு சமைக்கும் மின்கலம் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். எந்த ஊரில் நின்றாலும் அன்று சூரியன் உதித்த நேரத்தையும் மறைந்த நேரத்தையும், கண்ட ஒரு பொருளைப் பற்றி ஐந்து வரிகளையும் தமிழில் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இலண்டனில் நின்றவர்களும் எழுதலாம். பங்குனியில் அவற்றை வகுப்பறைச் சுவரில் ஒட்டி, வடக்கே பகல் எவ்வளவு விரைந்து வளர்ந்தது என்பதனை நீங்களே கணக்கிடுவீர்கள்.