உங்களுக்குத் தெரியுமா? படகில் உதித்த பெருக்கிச் சுற்று

1927 ஆகஸ்ட் 2. ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து நியூயார்க்கில் இருந்த பெல் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் 29 வயதுப் பொறியாளர் ஹரால்ட் பிளாக். நெடுந்தூரத் தொலைபேசித் தடங்களில் இருந்த பெருக்கிகள் குரலைச் சிதைத்தன. பல ஆண்டுகளாகப் பிடிபடாத தீர்வு அன்று படகில் பொறிதட்டியது. கையிலிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ தாளிலேயே வரைந்து, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

வெளியீட்டில் ஒரு சிறு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்புவதுதான் அந்த யோசனை. பெயர், எதிர்மறைப் பின்னூட்டம். கணக்கைப் பாருங்கள்: லட்சம் மடங்கு பெருக்கும் சுற்றில் நூறில் ஒரு பங்கைத் திருப்பினால், பெருக்கம் 99.9 மடங்காகக் குறைந்துவிடும். ஆனால் சூட்டாலோ பழசாவதாலோ சுற்றின் பலம் பாதியாகச் சரிந்தாலும், 99.8 மடங்கு கிடைத்துக்கொண்டே இருக்கும்! பெருக்கம் எத்தனை மடங்கு குறைகிறதோ, சிதைவும் அத்தனை மடங்கு அடங்கும்.

அரும்பாடுபட்டுக் கூட்டிய பெருக்கத்தை வேண்டுமென்றே இழப்பதா என்று அன்று பலர் நம்ப மறுத்தார்கள். அபாரமான துணிச்சல்தான் அது. 1928-ல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை பிளாக்குக்கு 1937-ல்தான் கிடைத்தது.