இடுப்புத் துப்பாக்கிக்கு எந்த அளவுத் தோட்டா?

வீடு புகுந்து கொள்ளையடித்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் வட சிலாங்கூர் தோட்டப்புறங்களில் ஒரு பேச்சு எழுகிறது: லைசென்ஸ் வாங்கி ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன? பேச்சு அங்கேயும் நிற்பதில்லை. 9 மில்லிமீட்டர் போதுமா, .38 ரிவால்வர் நல்லதா, .45 இருந்தால்தான் ஆள் விழுவானா என்று ஓடுகிறது. தோட்டாவின் அளவைப் பற்றிய இந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. அதை முதலில் கேட்கப் பழகிவிட்டோம் என்பதே என் வாதம்.

முதலில் அளவையே பார்ப்போம். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டு ஏழரை முதல் எட்டு கிராம் எடை. நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. .45 குண்டு ஏறக்குறைய 15 கிராம். வேகம் 255 மீட்டர் அளவில்தான். ஒன்று இலேசானது, விரைவானது. மற்றது கனமானது, மெதுவானது. கணக்குப் போட்டால் இரண்டின் ஆற்றலும் 450 முதல் 500 ஜூலுக்குள் வந்து நிற்கிறது. விட்டத்தில் உள்ள வித்தியாசமோ இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் நூறாண்டுக்கு மேலாகச் சண்டை ஓயவில்லை. பிலிப்பீன்சில் மோரோ போராளிகள் .38 குண்டு பட்டும் விழாமல் பாய்ந்து வந்தார்கள் என்று அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். 1904-இல் சிகாகோவின் கசாப்புக் கூடங்களில் மாடுகளைச் சுட்டுச் சோதித்து, .45-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் அதற்கு எதிர்த்திசையில் போனது, கனத்த .455 வெப்லி ரிவால்வரைச் சுட ஆட்களைப் பழக்குவது கடினம் என்று .38-க்கு இறங்கியது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் சுட்ட ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு கொள்ளைக்காரனின் கையைத் துளைத்து மார்புக்குள் போயும் இதயத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டதில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். பழி தோட்டாவின் மேல் விழுந்தது. 10 மில்லிமீட்டரை எடுத்தார்கள்; உதைப்பு தாங்காமல் .40-க்கு வந்தார்கள், 2014-இல் அதே அமைப்பின் பயிற்சிப் பிரிவு 9 மில்லிமீட்டருக்கே திரும்பலாம் என்றது. இன்றைய குண்டுகளில் அளவுகளுக்கிடையே காயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, சிறிய தோட்டாவை எல்லோரும் குறி தவறாமல் விரைவாகச் சுடுகிறார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். எங்கே படுகிறது என்பதுதான் முதல் விஷயம். எத்தனை மில்லிமீட்டர் என்பது அதற்கு வெகு பின்னால் வருவது.

நம் மண்ணில் இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது, சட்டம். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் 1948 ஜூனில் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, 1949 மார்ச்சில் சுங்கை சோவுக்குப் பக்கத்தில் உள்ள ரவாங்கில், வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். குற்றம் ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தது. இந்திய அரசு மன்றாடியும் பயனில்லை; மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தத் துப்பாக்கி என்ன அளவு என்று அன்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம் என்பவருக்கும் தூக்குத் தண்டனைதான். தோட்டா வைத்திருந்த குற்றத்திலிருந்து முதல் விசாரணையிலேயே விடுதலையானவர் அவர். துப்பாக்கி வழக்கை மறுபடி விசாரித்தபோது அந்த விடுதலையை மதிக்கவில்லை என்பதால் 1950-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. ஓர் உயிர் தப்ப அத்தனை தூரம் போக வேண்டியிருந்தது.

அது அவசரகாலக் கதை, இன்றைக்கு என்ன என்று கேட்கலாம். இன்றும் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் லைசென்ஸ் தேவை. அது எளிதில் கிடைப்பதில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் காத்திருக்கின்றன. இந்தியாவிலும் தோட்டா அளவை வாங்குபவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. 9 மில்லிமீட்டர் படைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது; அதனால்தான் 2014-இல் பெண்களுக்கென்று கான்பூரில் செய்த நிர்பீக் ரிவால்வர்கூட .32 ஆக வந்தது.

தோட்டத்துக்குப் போலீஸ் வந்து சேர நேரமாகிறது, அதுவரை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்துத் துரைமார்கள் இடுப்பில் ரிவால்வரோடுதானே திரிந்தார்கள் என்பார்கள். திரிந்தார்கள், ஆனால் தோட்டங்களைக் காத்ததில் முள்வேலிக்கும் சிறப்புக் காவலர்களுக்கும் இருந்த பங்கு பெரியது. ஆயுதக் காவலோடு போன பிரிட்டிஷ் ஹைகமிஷனர் கர்னியையே 1951 அக்டோபர் 6-ஆம் தேதி கோல குபு பாருவுக்கு மேலே பிரேசர்மலைச் சாலையில் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றார்கள். தாக்க வருபவனே நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுக்கிறான். அந்த முதல் சில நொடிகளில் உறையிலிருந்து எடுத்துக் குறிபார்க்க முடிந்தால்தான் 9 மில்லிமீட்டரா .45-ஆ என்ற கேள்விக்கே இடம். அதற்கு ஓயாத பயிற்சி வேண்டும்.

முறைப்படி லைசென்ஸ் பெற்ற வியாபாரி ஒருவர் எதைத் தேர்வது என்று கேட்டால், தன் கைக்கு அடங்குகிற, உதைப்பில் குறி சிதறாத, பயிற்சிக்குத் தோட்டா தாராளமாகக் கிடைக்கிற அளவைத் தேர்வதே சரி என்பேன். பலருக்கு அது 9 மில்லிமீட்டராகவோ .38 ஆகவோ இருக்கும். அதோடு, குண்டு எதைத் துளைத்துப் போகும் என்பதையும் அவர் பார்க்க வேண்டும். முழு உலோக உறையிட்ட குண்டு, எந்த அளவானாலும், பழைய லயத்தின் பலகைச் சுவரில் நிற்காது. ஒரே சுவரைப் பங்கிட்டு அடுத்த வீட்டில் ஒரு குடும்பம் உறங்குகிறது. உடம்புக்குள் விரிந்து நிற்கும்படி செய்த குண்டும்கூட, குறி தவறினால் அந்தச் சுவரைத் தாண்டிவிடும்.