பாடம் சொல்ல வந்த செல்போன்!

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஆனால் காலையில் வகுப்பு தொடங்கியது! எங்கே? அப்பாவின் சட்டைப் பையில்!

2020-ம் ஆண்டு தமிழ்நாட்டு வீடுகளில் நடந்த அதிசயம் இது. "செல்போனைத் தொட்டால் தெரியுமா சேதி!" என்று அதுவரை அதட்டி வந்த தாய்மார்கள், "செல்போனை எடுத்துப் படிடா, கண்ணு" என்று கெஞ்சத் தொடங்கினார்கள்.

இப்படித் தலைகீழாகப் புரட்டியது எது? கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி!

2019 டிசம்பரில் சீனாவின் வூகான் நகரில் தலைகாட்டிய கொரோனா, மூன்றே மாதத்தில் உலகைச் சுற்றிவிட்டது. 2020 மார்ச் 11-ந் தேதி, "இது உலகம் முழுவதும் பரவிய கொள்ளைநோய்" என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி டெலிவிஷனில் தோன்றினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு!

21 நாள் போயிற்று. பள்ளிக்கூடம் திறக்கவில்லை. ஜூன் 9-ந் தேதி பத்தாம் வகுப்புப் பரீட்சையே ரத்தாயிற்று. 9 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பரீட்சை எழுதாமலே பாஸ்! பெரிய வகுப்புப் பிள்ளைகளாவது நடுநடுவே பள்ளிக்குப் போனார்கள். சின்னஞ்சிறுசுகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். ஒன்றாம் வகுப்பை முடிக்குமுன் வீட்டுக்குப் போன குழந்தை, மூன்றாம் வகுப்புக் குழந்தையாகத் திரும்பி வந்தது!

ஒரு போன், மூன்று பிள்ளைகள்

செல்போன் ஏற்கனவே ஊருக்குள் நுழைந்திருந்தது. 2016-ம் ஆண்டு ஜியோ வந்த பிறகு இண்டர்நெட் விலை மளமளவென்று இறங்கியது. கூலி வேலை செய்பவர் கையிலும் "டச் போன்" வந்துவிட்டது. ஆனால் பாடம் படிக்க என்று அதை வாங்கியவர்கள் எத்தனை பேர்? பாட்டுக் கேட்கவும், படம் பார்க்கவும், வெளியூரில் இருக்கும் மகன் முகத்தைப் பார்க்கவும் வாங்கிய சாமான் அது.

ஒரு வீட்டில் ஒரு போன். பிள்ளைகளோ மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு! ஊரடங்கு தளர்ந்ததும் அப்பா வேலைக்குப் போனார். போனும் அவரோடு போயிற்று. ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டுப் பாடத்தைப் பிள்ளைகள் பார்த்தது இரவு எட்டு மணிக்கு. அப்போதும் தம்பிக்கு முதல் முறை, அக்காவுக்குக் கடைசி முறை. இப்படி எத்தனையோ வீடுகள்.

போன் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. போன் வாங்கியாகிவிட்டது. போதுமா? போதாது! மாதா மாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டும். மலைக் கிராமங்களில் "டவர்" வேறு கிடைக்காது. பிள்ளைகள் மரத்தின் மேல் ஏறிப் பாடம் கேட்டார்கள்.

டெலிவிஷன் வாத்தியார்

போன் இல்லாத பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது கல்வித் தொலைக்காட்சி. தமிழக அரசு இதைத் தொடங்கியது 2019 ஆகஸ்டு 26-ந் தேதி. கொரோனா வரப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? 2006-ல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் ஏழைகளின் வீட்டுக்கும் கலர் டி.வி. வந்திருந்தது. "ஏழைக்கு எதற்கு டி.வி.?" என்று அன்று கேலி பேசியவர்கள் உண்டு. இந்த நாளை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க முடியாது!

ஆனால் டெலிவிஷன் வாத்தியாரிடம் ஒரு குறை. அவர் பேசுவார், கேட்க மாட்டார். "எனக்குப் புரியலை, சார்" என்று பையன் சொன்னால் அவருக்கு எப்படிக் காது கேட்கும்?

கணக்கு சொல்வது என்ன?

இந்தியக் கிராமங்களில் "பிரதம்" என்ற தொண்டு நிறுவனம் கணக்கெடுத்து வருகிறது. 2018-ல் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 100-க்குச் சுமார் 36 வீடுகளில் டச் போன் இருந்தது. 2020-ல் அது சுமார் 62! 2021-ல் 67-ஐத் தாண்டியது. மூன்றே ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

அதே கணக்கில் இன்னொரு விவரமும் இருக்கிறது. 2021-ல் போன் இருந்த வீடுகளிலேயே, நான்கில் ஒரு பிள்ளைக்குப் படிப்பதற்கு அது கிடைக்கவே இல்லை.

2018-ல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 100-க்கு 27 பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் படித்தார்கள். 2022-ல் படித்தவர்கள் 20 பேர்தான்.

வீட்டுக்குள் போன் பெருகியது. வாசிப்பு குறைந்தது. போன்தான் கெடுத்தது என்று முழுப் பழியையும் அதன் தலையில் போடுவது நியாயம் அல்ல. போனும் இல்லாதிருந்தால் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நூலும் அறுந்திருக்கும். ஆனால் "அ" எழுதும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கண்ணாடித் திரைக்குக் கை ஏது?

பாடம் சொல்ல வந்த போன், பாடம் முடிந்ததும் வந்த வழியே போயிற்றா? போகவில்லை! அதற்குள் விளையாட்டு புகுந்தது. வீடியோ புகுந்தது. சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலும் போன், பாயிலும் போன். "படிக்கிறேம்மா" என்று பையன் சொன்னால், படிக்கிறானா விளையாடுகிறானா என்று எழுதப் படிக்கத் தெரியாத தாய் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

வாசலுக்கு வந்த அக்கா

2021 அக்டோபர் 27-ந் தேதி, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். யோசனை மிகவும் பழையது. ஊரில் படித்தவர் ஒருவர் மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பது! அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் போலத்தான்.

தன்னார்வலர்கள் சுமார் 2 லட்சம் பேர். பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஓர் அக்கா. கோவில் மண்டபம், வீட்டுத் திண்ணை, மரத்தடி - இடம் எதுவானால் என்ன? பாட்டு, கதை, ஆட்டம் என்று எழுத்து மறந்த பிள்ளைக்கு மறுபடியும் எழுத்து!

பலன் இருந்ததா? பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டில் சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது! அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, மாலை நேரத்து அக்காக்களால் வந்தது. மீதி ஒரு பங்கு இழப்பு அப்போதும் இழப்பாகவே நின்றது.

அந்த மாலை வகுப்பிலும் ஒரு செல்போன் இருந்தது. பிள்ளைகள் கையில் அல்ல; அக்காவின் கையில். இன்று யார் யார் வந்தார்கள் என்று அதில் குறித்துவிட்டு, அதை ஓரமாக வைத்துவிட்டு, அவர் பாடத்தைத் தொடங்குவார்.