ரேஞ்சுக்குள் முதல் நாள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் அதே ஒலிம்பிக்கில் களமிறங்கினார்கள். அதற்கு முன்பே, 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டபோது, அப்படியொரு விளையாட்டு நம் ஊரிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவந்தது. "நானும் ஒருமுறை போய்ப் பார்க்கலாமா, பிள்ளையைச் சேர்த்துவிடலாமா" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். கேள்விகளில் பாதி பயத்தில் பிறந்தவை, பாதி சினிமாவில் பிறந்தவை.

உரிமம் எதுவும் இல்லாமல் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் களத்துக்கு, போனால் சட்டச் சிக்கல் வருமா?

வராது. புதிதாக வருபவரின் கையில் முதலில் தரப்படுவது ஏர் ரைஃபிள் அல்லது ஏர் பிஸ்டல்தான். இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் பெல்லட் என்ற சிறு குண்டைத் தள்ளுகிறது. 4.5 மில்லிமீட்டர் விட்டமும் 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் ரைஃபிளின் ஆற்றல் 10 ஜூலைக்கூட எட்டாது. ஆதார் போன்ற அடையாளச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள்; பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள்.

வெடிமருந்தில் இயங்கும் .22 ரைஃபிள், 12 போர் துப்பாக்கி ஆகியவற்றின் கதை வேறு. அவற்றுக்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். கிளப் உறுப்பினராகி, படிப்படியாகத்தான் அந்தப் பக்கம் போக முடியும். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் .22 ரைஃபிளைப் படுத்தபடி சுட்ட அனுபவத்தைச் சொல்வார்கள். அது அதிகாரிகளின் நேரடி மேற்பார்வையில் நடக்கும் பயிற்சி.

முதல் நாளே சுடவிடுவார்களா?

விடலாம். ஆனால் வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே துப்பாக்கியைக் கையில் கொடுத்து "சுடுங்க" என்று சொல்லும் இடமாக இருந்தால், அங்கே சேர வேண்டாம் என்பேன். பதக்கப் பட்டியல், பளபளப்பான அரங்கம் எல்லாவற்றையும்விட முதல் அரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதை வைத்தே ஒரு பயிற்சி மையத்தை எடைபோட வேண்டும்.

நல்ல கோச் முதலில் சொல்லித்தருவது நான்கு விஷயங்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினைத்துக் கையாள வேண்டும். குழல் எப்போதும் இலக்கு இருக்கும் திசையையே பார்க்க வேண்டும். யாராவது பின்னால் கூப்பிட்டால் துப்பாக்கியோடு திரும்பக் கூடாது, அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இலக்கைக் குறிபார்க்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். யாரேனும் இலக்குப் பக்கம் நடந்துபோகிறார் என்றால், அவர் திரும்பி வரும்வரை ஒருவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது.

மேசையில் வைத்திருக்கும் ஒவ்வொரு ஏர் ரைஃபிளின் குழலிலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீளக் கயிறு செருகியிருப்பதைக் கவனியுங்கள். குழலின் முழு நீளத்துக்கும் உள்ளே ஓடி, இரண்டு பக்கமும் வெளியே தெரியும். உள்ளே பெல்லட் இல்லை என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும் அடையாளம் அது. சர்வதேசப் போட்டிகளிலும் இது கட்டாயம். இந்தக் கயிறு கண்ணில் படாத ரேஞ்சில் ஏன் இல்லை என்று தயங்காமல் கேளுங்கள்.

"லோட்", "ஸ்டார்ட்", "ஸ்டாப்" ஆகிய கட்டளைகளும் முதல் நாளே பழகிவிடும். "ஸ்டாப்" என்ற சொல்லுக்கு ரேஞ்சில் மறுபேச்சு கிடையாது. அந்த ஒரு குண்டை மட்டும் சுட்டுவிடுகிறேன் என்று யாரும் கேட்க முடியாது. உலக சாம்பியனுக்கும் அதே விதிதான்.

தோளில் உதைக்குமா? சத்தம் காதைப் பிளக்குமா?

ஏர் ரைஃபிளில் உதைப்பு அநேகமாகத் தெரியாது. சத்தமும் 'டப்' என்ற அளவில்தான். களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்கான 12 போர் துப்பாக்கி நன்றாகவே உதைக்கும். வெடிமருந்துத் துப்பாக்கி எதுவானாலும் காதுக் கவசமும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும்.

சுட்டதெல்லாம் தாறுமாறாகப் போனால், எனக்கு இது வராது என்று அர்த்தமா?

கிடையவே கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் மொத்த விட்டமே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவில் 10 புள்ளிக்கான இடம் 0.5 மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. துப்பாக்கியின் எடையோ நான்கு, ஐந்து கிலோ. நின்றபடி தூக்கிப் பிடித்தால் முன்பக்க வளையத்துக்குள் அந்தக் கறுப்பு வட்டம் மிதந்துகொண்டே இருக்கும். நாடித்துடிப்புகூட அதில் தெரியும். அசைவை முழுதாக நிறுத்த உலகத்தில் யாராலும் முடியாது. அசைவு குறையும் சில நொடிகளில், பதற்றமில்லாமல் டிரிகரை அழுத்தக் கற்பதுதான் பயிற்சி.

புதியவர் செய்யும் வழக்கமான பிழை ஒன்று உண்டு. வட்டம் நடுவுக்கு வந்த நொடியில் "இதோ!" என்று விரலைச் சுண்டிவிடுவார். கை அசைந்து குண்டு விலகிவிடும். பிஸ்டலில் வலக்கைக்காரரின் குண்டுகள் பெரும்பாலும் கீழே இடப்பக்கமாக விழுவதற்குக் காரணம் இதுதான். ஏர் பிஸ்டலின் டிரிகரை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை தேவை. அதைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். எட்டு நொடிக்கு மேல் பிடித்தும் அமையவில்லையா, துப்பாக்கியை இறக்கிவிட்டு மூச்சுவிட்டு மறுபடி தொடங்குங்கள். சுட்ட பிறகும் ஓரிரு நொடி அப்படியே நிற்க வேண்டும்.

அட்டையைக் கையில் வாங்கியதும் புள்ளிகளைக் கூட்டாதீர்கள். பெல்லட்டின் முன்பக்கம் தட்டையாக இருப்பதால் அட்டையில் ஓட்டை விளிம்பு கலையாமல் வட்டமாக விழும். அந்த ஓட்டைகள் ஓரிடத்தில் நெருங்கி இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இதைத்தான் 'குரூப்பிங்' என்பார்கள். ஐந்தும் ஒரு மூலையில் நெருங்கி விழுந்திருந்தால் நல்ல செய்தி. சைட்டின் (குறிபார்க்கும் கருவியின்) திருகை நாலு சொடுக்கு திருப்பினால் மொத்தமும் நடுவுக்கு நகர்ந்துவிடும். ஒன்று பத்திலும் மற்றவை நாலா பக்கமும் என்றால், அந்தப் பத்து தற்செயல்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டுதானே சுட வேண்டும்? மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் சுடலாமா?

இறுக்கி மூடினால் திறந்திருக்கும் கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும். இரண்டையும் திறந்துவைத்து, குறிபார்க்காத கண்ணை ஒரு சிறிய பட்டையால் மறைப்பதே வழக்கம். வலக்கைக்காரர் சிலருக்கு இடக்கண் ஓங்கியிருக்கும். இரு கைகளாலும் சிறு துவாரம் அமைத்து, அதன் வழியே தொலைவில் உள்ள பொருளைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடினால் எது என்று தெரிந்துவிடும். மூக்குக்கண்ணாடி தடையே இல்லை.

எந்த வயதில் தொடங்கலாம்?

துப்பாக்கியின் எடையைத் தாங்கும் உடலும், சொன்ன சொல் கேட்கும் பக்குவமும் வந்தால் போதும். பத்து, பன்னிரண்டு வயதில் தொடங்குபவர்கள் உண்டு. நாற்பதுக்கு மேல் தொடங்கி மாநிலப் போட்டி வரை போனவர்களும் உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கும் அவனி லேகரா டோக்கியோ, பாரிஸ் என இரண்டு பாராலிம்பிக்கிலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றவர்.

சொந்தத் துப்பாக்கி வாங்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கிகள் லட்சங்களில் விலை போகின்றன. சில மாதங்கள் கிளப் துப்பாக்கியிலேயே சுடுங்கள். ரைஃபிளா பிஸ்டலா என்பதே அதற்குள்தான் தெளிவாகும். ஆரம்பத்தில் தட்டையான அடிப்பாகம் உள்ள, காலை மூடும் ஷூவும், உடலோடு ஒட்டிய உடையும் போதும். தொங்கும் துப்பட்டாவும் முந்தானையும் கைக்கு இடைஞ்சல்.

உரிமம் தேவையில்லை என்றால், மொட்டைமாடியில் வைத்துப் பழகலாமே?

தயவுசெய்து வேண்டாம். உரிம விலக்கு என்பதால் அது பொம்மையாகிவிடாது. காற்றுத் துப்பாக்கியின் பெல்லட் கண்ணைப் பறித்துவிடும். அருகிலிருந்து பட்டால் உயிருக்கே ஆபத்து. ரேஞ்சில் பெல்லட்டைத் தடுத்து நிறுத்தப் பின்சுவர் இருக்கிறது, மாடியில் அடுத்த வீட்டு ஜன்னல்தான் இருக்கிறது. கொக்கையும் புறாவையும் குறிவைப்பது இன்னும் மோசம். காட்டுப் பறவைகளைச் சுடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். இலக்கு அட்டையைத் தவிர வேறெதையும் சுட நினைப்பவரை எந்தக் கோச்சும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

பெல்லட் ஈயத்தால் ஆனதாமே, குழந்தைகளுக்குக் கெடுதலா?

ஈயம் நஞ்சுதான், குறிப்பாகச் சிறுவர்களுக்கு. ஆனால் கவனமாக இருந்தால் சமாளிக்கலாம். பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். ரேஞ்சுக்குள் பிஸ்கட், தேநீர் எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கையையும் முகத்தையும் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பையைத் திறக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உடையை மாற்றச் சொல்லுங்கள். பயிற்சி உடையைத் தனியாகத் துவைப்பது நல்லது.