தானே கோடிடும் நூல்

செண்பகத்தோப்பு மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள சோலை. அதன் கிழக்கே திருவில்லிபுத்தூர், தெற்கே இராசபாளையம். இராசபாளையத்து ஆலைகள் பஞ்சை நூலாக்குகின்றன. திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கைத்தறிகள் நூலைச் சேலையாக்குகின்றன. சேலையில் குறுக்குக் கோடு வேண்டுமாயின், நெசவாளர் கையிலுள்ள நாடாவை வைத்துவிட்டு, வேறு வண்ணத் தார் பூட்டிய நாடாவை எடுப்பார். வண்ணம் மாறவேண்டிய இடத்தை அங்கே நெய்யும் கையே முடிவு செய்கிறது.

கைக்கு முன்னரே நூல் முடிவு செய்துவிடும் முறையும் உண்டு. குசராத்து மாநிலத்துப் பாட்டன் நகரில் பட்டோலா என்னும் பட்டுச் சேலையை நெய்கின்றனர். பாவு, ஊடை ஆகிய இரண்டிலும் சாயம் புகக்கூடாத இடங்களை அளந்து இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். கட்டுகளை மாற்றி மாற்றி அடுத்தடுத்த வண்ணங்களை ஏற்றுவர். தறியில் ஏறுமுன்னரே பூவும் யானையும் நூலில் அடங்கிவிடும். ஒரு சேலைக்குப் பல மாதங்கள் செல்லும். அளவில் நேர்ந்த பிழையைத் தறியில் திருத்துதல் அரிது.

இதே கணக்கைக் காலுறையிலும் காணலாம். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளிக் காலுறை வேண்டாத பொருளே. குளிர்நாட்டார்க்கோ அது இன்றியமையாதது. அங்கே விற்கும் ஒருவகைக் கம்பளி நூற்கண்டில் பல வண்ணங்களும் கலந்து கிடக்கும். பின்னத் தொடங்கியதும் சிவப்பு ஒரு வளையமாகவும் மஞ்சள் ஒரு வளையமாகவும் தாமாகவே அடுக்கி வரும். பின்னுவோர் வண்ணத்துக்காக நூலை அறுப்பதுமில்லை, முடிச்சிடுவதுமில்லை.

மாணவர்களே, இதில் மாயம் ஏதுமில்லை. 64 கண்ணிகள் கொண்ட காலுறையின் சுற்றளவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். நூல் வளைந்து வளைந்து செல்வதால் ஒரு சுற்றுக்கு அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு, அதாவது 60 சென்டிமீட்டர், செலவாகும். ஐந்து சுற்றுக் கோட்டுக்கு 3 மீட்டர். நான்கு வண்ணங்களாயின் 12 மீட்டருக்கு ஒருமுறை முதல் வண்ணம் மீளவேண்டும். ஆகவே கையால் சாயமிடுவோர் நூலை 12 மீட்டர் சுற்றளவுள்ள பெருஞ்சிட்டமாகச் சுற்றிக்கொள்வர். நம் நெசவாளர் தெருவில் பாவு நீட்டும் காட்சி இங்கே நினைவுக்கு வருகிறது.

இந்நூலையே 48 கண்ணிகளுள்ள சிறுவர் காலுறைக்கு எடுத்தால், கோடு ஏறக்குறைய ஏழு சுற்றாக அகலும். பெரியவர் மேற்சட்டைக்கு எடுத்தால், ஒரு சுற்றிலேயே ஒரு வண்ணம் தீர்ந்துவிடும்.

கோட்டைக் குலைப்பது குதிகால். அங்கே பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னுவதால், வரிசைக்குப் பாதி நூலே செல்லும். கோடு இருமடங்கு தடிக்கும். அதற்குள் நூலில் வண்ணங்கள் பல கடந்துவிடும். காத்திருந்த மேற்பாதத்தில் அடுக்குமுறை அறுபடும். இதற்கு ஒரு வழி கண்டனர். குதிகால் வரவேண்டிய இடத்தில் அரைச்சுற்றை மட்டும் வேற்று நூலால் பின்னிவிட்டுப் பாதத்தைத் தொடர்ந்து முடிப்பர். பிறகு அவ்வேற்று நூலை உருவி, வெளிப்படும் கண்ணிகளை ஊசியில் ஏற்றிக் குதிகாலைத் தனியே பின்னுவர். எளிய உபாயந்தான், ஆயினும் வியக்கத்தக்கது.

இத்தகைய நூலில் நுண்ணிய பூவேலை வீண். கோடுகள் அதை மறைத்துவிடும். ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசிமாற்றி விடும் முறை மட்டும் நன்கு பொருந்தும். பழைய வண்ணக் கண்ணி மேலேறிப் புதிய வண்ணத்தினிடையே புள்ளியாக நிற்கும்.

ஓரிணைக்கு ஏறத்தாழ 100 கிராம் நூல், அதாவது 400 மீட்டர், போதும். இரண்டாம் காலுறையைத் தொடங்குவோர், முதற்காலுறை தொடங்கிய அதே வண்ணத்தின் அதே இடம் வரும்வரை நூலைப் பிரிக்கவேண்டும். பொறுமையற்றோர் கிடைத்த இடத்தில் தொடங்கிவிடுவர். அவர்தம் காலுறைகள் இரட்டைப் பிள்ளைகளாக இரா. அண்ணனும் தம்பியுமாக இருக்கும்.